முப்பது பேருக்கு ஒரு விரல்

11 ஜூலை 2016, திங்கள்

பிராந்திய மலேரியா வைத்திய அதிகாரி பிரசாந்தன் வந்திருந்தார். வயது முப்பத்தைந்து இருக்கும். செருப்பைக் கழற்றும்போதே பேசத் தொடங்கும் வகை. செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கவிருக்கிறதாம். அதையொட்டி இங்கே ஒரு விழா, விழாவையொட்டி ஒரு மலர், மலரில் இப்பகுதியின் மலேரியா ஒழிப்பு வரலாறு. அதை எழுதும் தகுதி எனக்கே உண்டு என்றார். தகுதி என்று அவர் குறிப்பிட்டது, நான் இன்னும் சாகாமலிருப்பதை.

"இருபது பக்கம் போதும், மேடம். சந்தோசமான விசயமாப் பாத்து எழுதுங்கோ."

"மலேரியாவிலை சந்தோசமான விசயம் எது, டொக்டர்?"

"முடிஞ்சதுதானே, மேடம்."

இந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது, ஒப்புக்கொண்டேன். புறப்படும்போதுதான் மற்றதைச் சொன்னார். அருளம்பலத்துக்குப் பொன்னாடை போர்த்தப்போகிறார்கள். அறுபதுகளில் வீடு வீடாகச் சென்று, காய்ச்சல்காரரின் விரலில் குத்திக் கண்ணாடித் தகட்டில் இரத்தம் எடுத்த களப்பணியாளர்களுள் இங்கு எஞ்சியிருப்பவர் அவர் ஒருவரே. எண்பது வயது.

இந்த அருளம்பலம் 1964இல் ஒரு முழுக் கிராமத்துக்கான முப்பது இரத்தத் தகடுகளையும் தன் சொந்த விரலிலிருந்தே எடுத்தார். இது உலகில் இருவருக்கே தெரியும். ஒருவர் அவர். மற்றவர், அத்தகடுகளை நுணுக்குக்காட்டியில் பார்த்து, 'தொற்று இல்லை' என்று கையொப்பமிட்ட நான்.

மலருக்குக் கடைசித் தேதி ஆகஸ்ட் பதினைந்து. வரலாற்றை எழுதுவதா, ஒரு கிழவரின் பொன்னாடையைக் காப்பாற்றுவதா என்பதை அதற்குள் முடிவு செய்தாக வேண்டும்.

12 ஜூலை

கிணற்று மோட்டர் பழுது. இடக்கண்ணுக்குச் சொட்டு மருந்து மூன்று வேளை. எழுதவில்லை.

14 ஜூலை

முதல் ஆறு பக்கங்கள் முடிந்தன. என் பிறப்புக்கு முந்திய மலேரியாப் பெருங்கொள்ளைநோயை இரண்டு பக்கத்தில் அடக்கினேன். வன்னியில் அந்த நோய் கொள்ளையாக வரவில்லை, குடியிருந்தது. கொழும்பில் விலங்கியல் முடித்து, வன்னியில் வேலை கிடைத்ததும் சுன்னாகத்தில் என் தாயார் சொன்னார்: "வன்னிக்குப் போறவள் வயித்திலை கட்டியோடைதான் திரும்புவாள்." அவர் குறிப்பிட்டது மலேரியாவில் வீங்கும் மண்ணீரலை என்றே இன்றுவரை நம்பிவருகிறேன்.

டி.டி.ரி. பூச்சிமருந்து பற்றி ஒரு பத்தி. சுவரில் அதைத் தெளிக்க மக்கள் முதலில் இடங்கொடுத்தது நுளம்பு சாகும் என்பதற்காக அன்று. மூட்டைப்பூச்சி சாகும் என்பதற்காக. சில ஆண்டுகளில் மூட்டைப்பூச்சி மருந்துக்குப் பழகிக்கொண்டது. அதன்பின் மக்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நாட்டின் பொதுச் சுகாதாரம் சில காலம் மூட்டைப்பூச்சியின் தயவில் நடந்ததை எந்த அறிக்கையிலும் நான் கண்டதில்லை. ஆகவே எழுதிவைத்தேன்.

பிறகு 1963. நாடு முழுவதிலும் மலேரியாக்காரர் பதினேழு பேர். ஒரு கலியாண வீட்டின் முதற்பந்திக்குக்கூடப் போதாது. நோய் ஒழிந்தது என்று முடிவாயிற்று, தெளிப்பு நிறுத்தப்பட்டது. இனித் தேடுவது மட்டுமே வேலை. காய்ச்சல் கண்டவர் விரலில் ஒரு குத்து, கண்ணாடித் தகட்டில் ஒரு துளி, நுணுக்குக்காட்டியில் நூறு புலம். புலம் என்பது குழாயினூடே ஒரே பார்வையில் தெரியும் வட்டம். தகட்டை நகர்த்தி நகர்த்தி நூறு வட்டம் பார்த்த பின்பே 'இல்லை' என்று எழுதலாம். உள்ளதைச் சொல்ல ஒரு வட்டம் போதும். இல்லாததைச் சொல்லத்தான் நூறு.

18 ஜூலை

டெங்குப் பரிசோதனைக்காகப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். என் பூச்சாடித் தட்டில் நுளம்புக் குடம்பிகள் கண்டுபிடிக்கப்பட்டன. முப்பத்தாறு ஆண்டுகள் நுளம்புகளோடு உத்தியோகம் பார்த்தவளின் வீட்டில்.

"அது டெங்கு நுளம்பில்லை, தம்பி. குடம்பி தண்ணியிலை சரிஞ்சு தொங்குற விதத்தைப் பாரும். இது வேற சாதி."

"சாதி பாக்கிறேல்லை, அம்மா. எது இருந்தாலும் எழுதத்தான் வேணும்" என்று சிவப்பு எச்சரிக்கைத் தாளை நீட்டினார்.

கையொப்பமிட்டேன். அவர் போனபின் உருப்பெருக்கியை எடுத்துப் பார்த்தேன். டெங்கு நுளம்புதான்.

20 ஜூலை

வரலாறு 1964க்கு வந்துவிட்டது.

களப்பணியாளர் ஒவ்வொருவருக்கும் மாதத்துக்கு இத்தனை தகடு என்று இலக்கு இருந்தது. காய்ச்சல் குறைந்தது, இலக்கு குறையவில்லை. நோயில்லாத ஊரில் நோயாளிகளைக் கேட்டால் புத்தியுள்ள மனிதன் என்ன செய்வான் என்பதை, கொழும்பில் இலக்கு வகுத்தவர்கள் சிந்திக்கவில்லை.

மே மாதம் நெடுமுறிப்பு என்ற கிராமத்திலிருந்து அருளம்பலத்தின் தகடுகள் முப்பது வந்தன. குடற்புழு உள்ளவரின் இரத்தத்தில் செந்நிற மணிகள் செறிந்த ஒருவகைக் கலம் அளவுக்கு மீறிக் காணப்படும். முப்பதிலும் அது இருந்தது. வன்னியில் அக்காலத்தில் புழுவுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் ஆறு மாதக் குழந்தைக்கும் எழுபது வயதுக் கிழவிக்கும் ஒரே வீதத்தில் புழு இருப்பது இயற்கைக்கு ஒவ்வாது. முப்பது பெயர்கள், ஒரே இரத்தம்.

முறைப்பாடு செய்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, வெற்றுத் தகடுகளைத் திருப்பி அனுப்பும் பெட்டியில் குடற்புழுவைக் கொல்லும் பூச்சிக் குளிசை ஒரு பொட்டலம் வைத்தனுப்பினேன். கடிதம் எதுவும் வைக்கவில்லை.

ஜூன் மாதத் தகடுகளில் புழு நீங்கியிருந்தது.

ஆய்வுகூடத்தில் தனியே சிரிக்கும் பெண்ணைப் பற்றி அக்காலத்தில் கதை கட்டுவார்கள், கட்டினார்கள். அதில் உண்மை இல்லை. சைக்கிளில் வந்து பெட்டியை வைத்துவிட்டுப் போகும் ஒரு மனிதரின் முகத்தைவிட அவருடைய இரத்தத்தை நான் நன்கு அறிந்திருந்தேன், அவ்வளவே. இதை ஒட்டுண்ணியியல் என்பர்.

ஜூன் இறுதியில் எங்கள் பகுதியின் அறிக்கை பூச்சியம். பூச்சியம் காட்டிய ஆய்வுகூடத்திலிருந்து ஒருவருக்கு இங்கிலாந்தில் மேற்படிப்பு கிடைத்தது. நான் சென்றேன். இவ்விரண்டுக்கும் தொடர்பில்லை. எப்படியாயினும் ஒவ்வொரு தகட்டையும் பார்த்தேன். முப்பதையும், நூறு நூறு புலமாக. பொய் இரத்தமாயினும் முறையாகப் பார்க்கப்பட்ட பொய் இரத்தம்.

24 ஜூலை, ஞாயிறு

அருளம்பலத்திடம் கேட்டுவிடுவதே நாகரிகம் என்று ஓட்டோ பிடித்துச் சென்றேன். மகன் வீட்டில் இருக்கிறார். முன்விறாந்தையில் சாய்மனைக் கதிரை, காதில் கருவி, வாயில் பல்லில்லை.

"மிஸ்ஸோ? இன்னும் இருக்கிறியளோ?"

"நீர் இருக்கிறீரெண்டு கேள்விப்பட்டுத்தான் நானும் இருக்கிறன்."

"பொன்னாடை தரப்போகினமாம். மருமேள் நான் போடுற சேட்டை இப்பவே மினுக்கி வைச்சிட்டாள். அதுக்குள்ளை நான் செத்தால் அதையே போட்டு அனுப்பலாமெண்டு போலை."

மருமகள் கௌசலா தேநீர் வைத்துவிட்டு, "மாமா இப்பிடித்தான்" என்று சிரித்துக்கொண்டு உள்ளே போனார்.

"நெடுமுறிப்பு ஞாபகமிருக்கோ, அருளம்பலம்?"

மருமகள் சமையலறையை அடையும்வரை காத்திருந்தார். "பூச்சிக் குளிசை ஞாபகமிருக்கு. ரெண்டு நாள் வளவுக்கும் வீட்டுக்குமா ஓடித் திரிஞ்சன். அதுக்குப் பிறகுதான் விளங்கினது, மிஸ்ஸுக்கு எல்லாம் தெரியுமெண்டு."

"விளங்கியும் ஜூனிலை அதைத்தானே செய்தனீர்?"

"சனம் கையைத் தராது, மிஸ். மாதம் மாதம் குத்தினால் ஆர் தருவினம்? ஒருத்தி உலக்கையோடை கலைச்சவள். என்ரை விரலெண்டால் எங்கை போனாலும் மறுக்காமல் என்னோடை வரும்."

இந்த இடத்தில் சிரித்துவிட்டேன். பின்னர் கேட்டேன்: "இதை நான் மலரிலை எழுதட்டோ?"

"எழுதுங்கோ. இந்த வயதிலை மறியல்வீட்டிலையோ போடப்போகினம்? பொன்னாடை போனால் போகட்டும். ஆனால் ஒண்டு, மிஸ். ஜூனுக்கு முப்பதெண்டு எழுதாதையுங்கோ. இருபத்தொன்பது."

"முப்பது தகடு வந்தது."

"ஒண்டு உண்மை. காட்டுக்கரையிலை கடைசி வீடு. தெய்வானை எண்டு ஒரு பிள்ளை, ஒன்பது வயசு. ஒருநாள் விட்டு ஒருநாள் நடுக்கம். பாத்த உடனை மலேரியாதானோ எண்டு எனக்குப் பட்டுது. மெய்யாவே குத்தி எடுத்தன். வேற இரத்தத்தை முன்னுக்கு வைச்சால் உங்களைத் தவிர ஆரும் பாக்கேக்கை மற்றதெல்லாம் பிடிபட்டுப்போமெண்டு நடுவிலை செருகினன். எண்டாலும் மிஸ்ஸின்ரை கண்ணுக்குத் தப்பாதெண்டு தெரியும்தானே. ஒண்டுமில்லையெண்டு நீங்கள் எழுதி அனுப்பினாப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது."

"அந்தப் பிள்ளை?"

"ஆவணியிலை செத்துப்போச்சு. நெருப்புக்காய்ச்சலெண்டு சொல்லிச்சினம். மலேரியா எண்டால் நீங்கள் பிடிச்சிருப்பியள்."

வாசல்வரை வந்து வழியனுப்பினார். தேநீர் நன்றாக இருந்தது என்று மருமகளிடம் சொல்லியிருக்கிறேன். குடித்தேனா என்பது நினைவில்லை.

25 ஜூலை

வெயில். எழுதவில்லை.

26 ஜூலை

மோட்டர்காரர் வந்தார். பழுது மோட்டரில் இல்லையாம்; நான் அழுத்திவந்த மின் ஆளி ஒரு விளக்குக்குரியதாம்.

27 ஜூலை

இம்மாதம் 20ஆம் திகதிப் பதிவில் ஒரு திருத்தம்.

முப்பதையும் பார்த்தேன் என்று எழுதியது மே மாதத்துக்குப் பொருந்தும். ஜூனில் ஆறு பார்த்தேன். ஆறிலும் புழுவின் அடையாளம் நீங்கியிருந்தது கண்டு மகிழ்ந்து ('மகிழ்ந்து' என்பதை நிறைவடைந்து என்று திருத்துக) மற்ற இருபத்துநான்கையும் பாராமலே எழுதினேன். ஏழு முதல் முப்பதுவரை ஒரே மை, ஒரே மூச்சு. புழு இருந்திருந்தால் அதை எண்ணும் ஆவலிலாவது முப்பதையும் பார்த்திருப்பேன். ஒரு மனிதரைக் குணப்படுத்தினேன். அவரைப் பற்றி அறிய வேண்டியதெல்லாம் அறிந்துவிட்டதாக எண்ணினேன்.

பிடிபடாமலிருக்க அவர் நடுவில் வைத்தார். அவரை முன்பே பிடித்துவிட்டதால் நான் நடுப்பகுதிவரை போகவில்லை. இரண்டு கெட்டிக்காரர்களுக்கிடையில் ஒரு பிள்ளையின் இரத்தம்.

அது மலேரியாதானா? தெரியாது. நெருப்புக்காய்ச்சல் என்ற தைபோயிட்டாகவும் இருக்கலாம். அவ்வாண்டு இறுதியில் தகடுகள் கழுவப்பட்டு மறுபடி பயன்படுத்தப்பட்டன. நான்கு ஆண்டுகளில் மலேரியா திரும்பிவந்து நாடெங்கும் இலட்சக்கணக்கானோர் நடுங்கியதற்கு ஒரு தகடு காரணமாகாது. அந்த வெள்ளம் எத்தனையோ வாசல்களால் வந்தது. என்னைத் தேற்ற வரும் எவரும் இந்த வாதத்தைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். நான் பயன்படுத்திப் பார்த்தேன், வேலை செய்யவில்லை.

ஆக, நான் தீர்மானிக்க வேண்டியது அருளம்பலத்தின் பொன்னாடையைப் பற்றியதன்று.

3 ஆகஸ்ட்

பிரசாந்தன் தொலைபேசியில் கேட்டார், எவ்வளவு முடிந்தது என்று. பதினான்காம் பக்கத்தை வாசித்துக் காட்டினேன். தெய்வானையின் பெயர், அருளம்பலத்தின் பெயர், என் பெயர், ஆறு, இருபத்துநான்கு.

"மேடம், வெளிநாட்டுக்காரர் இதை வாசிச்சால்..."

"அவைக்குத் தமிழ் தெரியாது. உங்கடை மலரைத் தமிழ் தெரிஞ்சவையும் வாசிக்கமாட்டினம்."

"அம்பது வருசத்துக்கு முந்தின விசயம்."

"அதைத்தான் வரலாறு எண்டு சொல்லுறது, டொக்டர்."

"அந்த ஐயாவுக்குத் தெரியுமோ, நீங்கள் அதைப் பாக்கேல்லையெண்டு?" என்றார்.

நல்ல கேள்வி. வைத்தியர்கள் எப்போதாவது ஒன்று கேட்பார்கள்.

5 ஆகஸ்ட்

ஓட்டோவுக்குச் சொல்லிவைத்தேன். பிறகு மழை வரும்போலிருக்கிறது என்று வேண்டாமென்றேன். மழை வரவில்லை.

7 ஆகஸ்ட், ஞாயிறு

இரண்டு விளக்கங்கள் ஆயத்தம் செய்துகொண்டு போனேன். இரண்டும் நல்ல முறையில் அமைந்தவை.

"அருளம்பலம், அந்த ஜூனிலை நான் ஆறு தகடுதான் பாத்தனான். மிச்சத்தைப் பாக்காமல் எழுதினனான்."

காதுக் கருவியைத் தட்டினார். "என்ன, மிஸ்?"

அத்தகைய வாக்கியத்தை ஒருமுறை சொல்வதற்குத் துணிவு வேண்டும். இரண்டாம் முறை, உரத்த குரலில், ஒவ்வொரு சொல்லாகச் சொல்வதற்கு என்ன வேண்டும் என்று எந்தப் பல்கலைக்கழகமும் கற்பிப்பதில்லை. முற்றம் கூட்டிக்கொண்டிருந்த கௌசலாவின் விளக்குமாறு நின்றது.

"அப்ப அந்தப் பிள்ளையின்ரை?"

"அது ஆறுக்குள்ளை இல்லை."

"நான் நடுவிலை வைச்சனான்" என்றார். "முன்னுக்கு வைச்சிருந்தால்..."

"வைச்சிருக்கலாம். நானும் பாத்திருக்கலாம்."

அவர் தன் இடக்கைச் சுட்டுவிரலைப் பெருவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். குத்துவதற்கு முன் விரல் நுனிக்கு இரத்தத்தைக் கொண்டுவர அப்படித் தேய்ப்பார்கள். தான் தேய்ப்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

"அம்பத்திரண்டு வருசமா, மிஸ், அந்த ஒண்டைப் பிடிச்சுக்கொண்டுதான் நான் மற்ற இருபத்தொன்பதையும் மறந்திருந்தன்."

நான் கொண்டுபோன விளக்கங்கள் இரண்டையும் திருப்பிக் கொண்டுவந்தேன்.

"போயிட்டு வாங்கோ" என்றார். எழுந்திருக்கவில்லை.

15 ஆகஸ்ட்

கட்டுரையை அனுப்பினேன். இருபது பக்கம். பதினான்காம் பக்கம் உட்பட.

29 ஆகஸ்ட்

மலர்க்குழு பதினான்காம் பக்கத்தை நீக்கிவிட்டது. இடமின்மையே காரணமாம். அதே மலரில் பதினொரு வாழ்த்துச் செய்திகள், ஒவ்வொன்றும் முழுப்பக்கப் படத்துடன். பிரசாந்தன் குழுவில் எனக்காக வாதாடியதாகச் சொன்னார். குரலைக் கேட்டால் உண்மை என்றே தோன்றுகிறது. விழாவில் எனக்குப் பேசப் பத்து நிமிடம் வாங்கித் தந்திருக்கிறார். "அதிலை என்ன பேசுவியளெண்டு ஒருத்தரும் கேக்கேல்லை, மேடம். நானும் கேக்கேல்லை."

அருளம்பலம் வருவாரா என்று கேட்டேன். தெரியாது என்றார்.

5 செப்டெம்பர்

அறிவித்துவிட்டார்கள். இலங்கை மலேரியா அற்ற நாடு. முருங்கைக்காய்க் குழம்பு வைத்தேன். உப்புக் கூடிவிட்டது.

23 செப்டெம்பர், வெள்ளி

விழா ஒன்பது மணிக்கு. பத்தே முக்காலுக்குத் தொடங்கியது. குத்துவிளக்கு ஏற்றியவர்கள் ஒன்பது பேர். திரி ஐந்துதான், ஆகவே சிலர் ஏற்கெனவே எரிந்ததை மறுபடி ஏற்றினார்கள்.

அருளம்பலம் வந்திருந்தார். முன்வரிசை, மினுக்கிய சேட்டு, பக்கத்துக் கதிரையில் தன் பை. என் பக்கம் பார்க்கவில்லை.

பெயர் சொல்லி அழைத்ததும் கௌசலாவின் தோளைப் பிடித்து மேடை ஏறினார். பொன்னாடையை விரித்துக்கொண்டு பிரதம விருந்தினர் நெருங்கியபோது, "பொறுங்கோ" என்று சொல்லிவிட்டு ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தார்.

"நெடுமுறிப்பெண்டு ஒரு ஊர். அறுபத்துநாலாம் ஆண்டு ஜூனிலை அங்கையிருந்து முப்பது தகடு குடுத்தனான். இருபத்தொன்பது என்ரை விரல். ஒண்டு தெய்வானை எண்ட பிள்ளையின்ரை. அந்த ஒண்டுக்குத் தாறதெண்டால் தாங்கோ. மற்றதுக்கெண்டால் வேண்டாம்."

சபை சிரித்தது. பல்லில்லாத கிழவர் பகிடி விடுகிறார் என்று எண்ணிக் கையும் தட்டியது. பிரதம விருந்தினரும் சிரித்தபடி போர்த்தினார். என் பெயரை அருளம்பலம் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது கருணையா தண்டனையா என்று யோசிக்க அவகாசமில்லை. அடுத்த பேச்சு என்னுடையது.

பத்து நிமிடத்தில் ஒன்றைத்தான் பயன்படுத்தினேன்.

"இப்போது பேசியவர் பகிடி விடவில்லை. அந்த ஒரு தகட்டுக்கு, தொற்று இல்லை என்று எழுதி, கையொப்பமிட்டு, அந்தப் பூச்சியத்தின் பேரில் இங்கிலாந்து போனவள் நான். அதை நான் பார்க்கவில்லை. தெய்வானைக்கு ஒன்பது வயது. ஆவணியில் இறந்தாள். எந்த நோயால் என்பது உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும்படி என்னிடம் தரப்பட்டிருந்தது."

இம்முறை எவரும் சிரிக்கவில்லை. மின்விசிறிகள் ஆறு ஓடியதையும் அவற்றில் ஒன்றுக்கு எண்ணெய் வேண்டியிருந்ததையும் கேட்டேன். பிறகு அறிவிப்பாளர் நன்றியுரைக்கு ஆளை அழைத்தார்.

இறங்கி வந்தபோது அருளம்பலம் பக்கத்துக் கதிரையிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அது எனக்கான இடம் என்று எவரும் சொல்லவில்லை. அமர்ந்தேன்.

"மைக்கிலை உங்கடை குரல் கிழவி மாதிரிக் கிடக்கு, மிஸ்" என்றார்.

"உம்முடையது நல்ல இளந்தாரிக் குரல்."

தேநீரும் பற்றிஸும் வந்தன. நெடுநேரம் எவரும் எங்களை அணுகவில்லை. கடைசியில் வெள்ளை மேலங்கியைக் கையில் மடித்து வைத்திருந்த ஒரு பெண் வந்தாள். வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் மலேரியாத் தகடுகளைப் பார்ப்பவள் என்றாள். வேலைக்கு வந்து மூன்று வருடம்.

"மூண்டு வருசத்திலை ஒண்டுகூடக் கண்டதில்லை, மிஸ். பயிற்சித் தகட்டிலை பாத்ததோடை சரி. ஒவ்வொரு நாளும் நூறு நூறு புலமாப் பாக்கிறன். ஒண்டுமே இல்லை. ஒண்டும் வராதெண்டு தெரிஞ்சுகொண்டு எப்பிடி மிஸ் நூறாவதையும் ஒழுங்காப் பாக்கிறது?"

அருளம்பலம் காதுக் கருவியைச் சரிசெய்துகொண்டு என் பக்கம் திரும்பினார். அவருக்கும் பதில் தேவைப்பட்டது போலும்.

"எனக்குத் தெரியாது, பிள்ளை" என்றேன். "ஏழாவது தகட்டிலேயே விட்டவள் நான். எப்பிடியெண்டு நீர்தான் எனக்குச் சொல்லவேணும்."

அவள் மணிக்கூட்டைப் பார்த்து, மத்தியானத்துக்குப் பிறகு இன்னும் இருபத்திரண்டு தகடு கிடக்கிறது என்று சொல்லிவிட்டு, பற்றிஸைக் கடித்தபடியே பஸ்ஸுக்கு ஓடினாள்.